நாய்க்குட்டிக்கு அம்மை வார்த்த மழைக்காலம்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளைகள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், கூப்பிடாமலே போய் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவோம். போன ஆனி மாதம் நானும் அதைத்தான் செய்தேன். புனேவில், வாகடில் இருக்கும் என் மகள் ஒரு நாய்க்குட்டி வாங்கியிருந்தாள். தடுப்பூசி முழுவதும் போட்டு முடிப்பதற்குள் அதற்குப் பார்வோ வந்துவிட்டது. குட்டி நாய்களின் குடலைப் பிடிக்கிற பொல்லாத வைரஸ். மகளும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க முடியாதவர்கள். அதனால் நானும் என் அத்தையும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டோம். அந்தக் குட்டி பிழைத்துவிட்டது, இப்போது என் செருப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆகவே நீங்கள் பயப்படாமல் படிக்கலாம்.

காலையில் மகள் அதை டாக்டரிடம் கொண்டுபோய் சலைன் ஏற்றிக் கொண்டு வருவாள். மற்ற நேரமெல்லாம் எங்கள் பொறுப்பு. பிளீச்சிங் தண்ணீரில் நனைத்த கால்மிதியைத் தாண்டித்தான் அந்த அறைக்குள் போக வேண்டும், வர வேண்டும். இரண்டாம் நாள் நான் கீழே இறங்கி, அடுக்குமாடிச் சொசைட்டியின் தோட்டத்தில் ஒரு கொத்து வேப்பிலை பறித்து வந்து வாசல் நிலையில் செருகிவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. கை தானாகச் செய்தது.

"அம்மா, டோர்ல ஏன் பத்தா வெச்சிருக்க? டெகரேஷனா?" என்று மகள் கேட்டாள், இலைக்கு இந்தி வார்த்தையைப் போட்டு.

"சும்மாதான்" என்றேன். அவளுடைய தமிழுக்கு அதற்கு மேல் விளக்க என்னால் ஆகாது. உங்களுக்குச் சொன்னால் புரியும்.

உங்களில் கட்கிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை கண்ணை மூடினாலே தெரியும். முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் தகரக் கூரை போட்ட மோரி. குளிப்பது, பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது எல்லாம் அங்கேதான். மழை பிடித்துக்கொண்டால் அந்தத் தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ஈரச் சுவர், மண்ணெண்ணெய் ஸ்டவ், அப்பாவின் காக்கிச் சட்டை, இந்த மூன்றின் வாசனையும் கலந்ததுதான் எனக்கு மழைக்காலம். இன்றைக்கும் எங்கேயாவது மண்ணெண்ணெய் வாசனை வந்தால் எனக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் எல்லோரும் 'பாக்டரி' என்றே சொல்வோம். அம்மா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கோபம் வந்தால் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவேன் என்பாள், ஒருநாளும் போனதில்லை. எங்களோடு அத்தையும் இருந்தாள், அப்பாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் இருவரும் போன பிறகு அண்ணன் வீடே அவளுக்கு வீடு. கண்டோன்மென்ட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல் சம்பளத்தில் பச்சைக் குடை ஒன்று வாங்கியிருந்தாள். மூங்கில் கைப்பிடி போட்ட குடை. அதைப் பிடித்துக்கொண்டு அவள் பள்ளிக்குப் போகிற அழகைப் பார்க்கவே நான் வாசலில் நிற்பேன்.

முதல் மழைக்கு அந்தக் குடைக்குள் நாய்க்குட்டி வந்தது. ஸ்டேஷன் பக்கம் கரிக்குவியலில் நனைந்துகொண்டு கிடந்ததாம். செம்மண் நிறம், காது மட்டும் கறுப்பு.

"சீ, நாயா? மோரியத் தாண்டி உள்ள வந்திச்சின்னா நான் ரயில் ஏறிடுவேன், சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.

"மோரியிலதான் இருக்கும் அண்ணி. பாவம், நடுங்கிகினு கீது பாருங்க."

பெயர் வைக்க அம்மா விடவில்லை. பெயர் வைத்தால் வீட்டு மனுஷன் ஆகிவிடுமாம். அதனால் குட்டி என்றே கூப்பிட்டோம், கடைசிவரை.

அதே சமயத்தில்தான் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. பிம்ப்ரியில் வேலை, சொந்த வீடு, ஒரே பையன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு விஷயம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று பையனின் அம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டாள். அப்பாவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

"உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னா சரிண்ணா" என்றாள் அத்தை.

அவளால் வேறு என்ன சொல்ல முடியும்? வளர்த்த அண்ணன். சோறு போட்ட அண்ணி. வேண்டாம் என்ற வார்த்தையை அந்த வீட்டில் சொல்லும் உரிமை தனக்கு உண்டென்று அவள் நினைத்ததே இல்லை. அன்றைக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள், துணியே வைக்காமல் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள். தைக்கும்போது பாடுவாளே, அந்தப் பாட்டும் நின்றது. எனக்கு அதெல்லாம் அப்போது புரியவில்லை. கல்யாணம் என்றால் ஜிலேபி உண்டா, புது கவுன் உண்டா என்ற கவலையில் இருந்தேன்.

ஆனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது. அதை விட்டால் ஆடி. ஆடியில் நம்மவர்கள் பெண் பார்க்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பையன் வீட்டாரோ ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணத்தை முடித்துவிடும் அவசரத்தில் இருந்தார்கள். ஆடி முடியும்வரை காத்திருக்க மாட்டோம், வேறு இரண்டு ஜாதகம் கையில் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

இந்தக் களேபரத்தில் குட்டி படுத்துவிட்டது. முதலில் கண்ணில் பீளை, மூக்கில் சளி. பிறகு இருமல், வாந்தி, பேதி. உடம்பு தோசைக்கல் போலக் கொதித்தது. அப்பா அதைச் சைக்கிள் கூடையில் கோணிப்பை போட்டு வைத்து மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

"டிஸ்டம்பராம். சொவுத்துக்கு அடிக்கிறோமே, அந்தப் பேருதான். ஒரு நாயிலேர்ந்து இன்னொரு நாய்க்கு ஒட்டிக்குமாம். மருந்தே கெடையாதுன்றாரு டாக்டர் சாப். கஞ்சித் தண்ணி குடுத்து, கண்ணத் தொடச்சி, சூடா வெச்சிகினா பத்துல ஒண்ணு ரெண்டு பொழைக்குமாம்."

"அந்த ஒண்ணு ரெண்டுல இது ஒண்ணா இருக்கக் கூடாதா?" என்று நான் அழுதேன்.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் பேதி நாற்றம். பெருக்க வருகிற ஆளிடம் சொல்லி, குட்டியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடச் சொல்லலாம் என்றார். அம்மா தலையாட்டினாள். அந்த மழையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அத்தை மோரிக்குப் போனாள். குட்டியை மடியில் மல்லாத்திப் படுக்க வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்து அவள் குரல் கேட்டது.

"அண்ணி, இங்க வாங்க. வயித்துல பாருங்க, முத்து முத்தாப் போட்டுகீது. அம்மா வந்துகீறா."

முத்து என்றால் அம்மைக் கொப்புளம், வந்திருக்கிற அம்மா மாரியம்மன். நாங்கள் ஓடினோம். நிஜமாகவே குட்டியின் அடிவயிற்றில், மயிர் இல்லாத இடத்தில், சின்னச் சின்னதாகச் சீழ்க் கொப்புளங்கள் இருந்தன. அந்த வியாதிக்கு அப்படி வருமென்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். அம்மா குனிந்து வயிற்றைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அத்தையின் முகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்ததைவிட அதிக நேரம் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"ஆமா. அம்மாதான்."

"நாய்க்கு எங்கடி அம்மை வரும்? டாக்டர் சாப் வேற பேரு இல்ல சொன்னாரு" என்றார் அப்பா.

"அவருக்கு இன்னா தெரியும்? அம்மா வந்து கீற வூட்லேர்ந்து ஒரு உசுர வெளிய அனுப்புவீங்களா நீங்க? அனுப்பிட்டு இந்தப் பொண்ண வெச்சிகினு நிம்மதியாத் தூங்குவீங்களா?"

பெருக்குகிற ஆளைக் கூப்பிடும் பேச்சை அப்பா விட்டுவிட்டார். அம்மை போட்ட வீட்டில் எதற்கெல்லாம் தடை என்று உங்களுக்குத் தெரியாததில்லை. நல்ல காரியம் பேசக் கூடாது. விருந்தாளி வரக் கூடாது. தாளிக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியும்வரை வீட்டுக்காரர்கள் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. ஒரே வார்த்தையில் அத்தை குட்டியையும் காப்பாற்றினாள், ஞாயிற்றுக்கிழமையையும் தள்ளிவைத்தாள். குட்டி உயிரோடு இருக்கும்வரைதான் அந்தத் தடை. நடுவில் அது செத்துவிட்டால் வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்ணைக் காட்டலாம். அத்தைக்கு இது தெரியும். எனக்குத் தெரியாது. எனக்குக் குட்டி மட்டும்தான் தெரியும்.

அப்பா தன் பங்குக்கு ஒன்று செய்தார். பாக்டரியில் மருந்து அடைக்கிற கொட்டகைக்குள் போகிறவர்கள் சொந்தச் செருப்பைக் கழற்றிவிட்டு, குறுக்கே நிற்கும் ஒரு பலகையைத் தாண்டி, உள்ளே இருக்கிற ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். வெளித்தூசு உள்ளே போகக் கூடாது, உள்தூசு வெளியே வரக் கூடாது. அதேபோல மோரி வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகையை அடித்து, சிவப்புப் பெயிண்ட் பூசினார். அந்தப் பக்கத்துக்கு ஒரு ஜோடி செருப்பு, இந்தப் பக்கத்துக்கு ஒரு ஜோடி.

"அம்மாவோ டிஸ்டம்பரோ, யாரா இருந்தாலும் பலகைக்கு அந்தப் பக்கம்தான்" என்றார்.

பலகையின் மேல் அம்மா மஞ்சள் பூசி வேப்பிலை கட்டினாள். வாசலிலும் கட்டினாள். இப்படியாக பாக்டரி ரூலும் மாரியம்மன் ரூலும் எங்கள் மோரியில் ஒன்று சேர்ந்தன.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது கடுகு வெடிக்காத சமையலறைதான். குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் இருக்கும், தாளிப்பு வாசனை இருக்காது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து மராட்டி வீட்டம்மா பலகாரம் செய்தால் வாசனை மட்டும் எங்களுக்கு வரும். அங்கே போகவும் கூடாது.

குட்டிக்கு வேப்பிலைப் படுக்கை. கொப்புளத்தின் மேல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுது. பனிக்கட்டி போலச் சில்லிட்ட தரையில் படாமல் இருக்க அப்பாவின் பழைய காக்கி ஸ்வெட்டர். தானாகக் குடிக்க முடியாததால், என் பேனாவுக்கு மை ஊற்றுகிற பில்லரை வெந்நீரில் கழுவி, அதில் உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரையும் கேழ்வரகுக் கஞ்சித் தெளிவையும் எடுத்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விடுவாள், பள்ளிக்கு லீவு போட்டிருந்த அத்தை. அந்த பில்லர் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. ரப்பர் குமிழை அழுத்தினால் ஒரு சின்னச் சத்தம் வரும். பள்ளி விட்டு வந்ததும் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்டால் குட்டி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அதற்கு வலிப்பு வந்தது. வாயில் நுரை தள்ளி, நான்கு காலும் காற்றில் ஓடின. நான் கத்தினேன். அத்தை அதைச் சேலைக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அது அடங்கும்வரை காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். மழை கொஞ்சம் விட்டதும் எனக்குக் கேட்டது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் இருடா தங்கம். அதுக்கப்புறமும் இரு. போய்டாத."

குட்டி இருந்தது.

வரவேண்டாம் என்று அப்பா ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மாவும் அக்காவும் லோக்கல் ரயில் பிடித்து வந்துவிட்டார்கள். நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. பெண்ணுக்கு என்னவோ குறை இருக்கிறது, மறைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அப்பா டூட்டியில் இருந்தார். அத்தை மோரியில் குட்டியோடு இருந்தாள். கொட்டுகிற மழையில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள், அவள் புடவைக்குப் பின்னால் நான்.

"அம்மா வந்துகீறா. தப்பா நெனைக்காதீங்க, உள்ள கூப்பிட முடியாது" என்றாள் அம்மா.

பையனின் அம்மா வாசல் நிலையில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்தாள். "யாருக்கு? பொண்ணுக்கா?"

 அம்மா கையைப் பின்னால் கொண்டுவந்து, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை உள்ளே தள்ளினாள்.

"கொழந்தைக்கு" என்றாள்.

எனக்கு ஒரே பெருமை. நாய் என்று சொல்லாமல் குழந்தை என்கிறாளே, குட்டியை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று மனசுக்குள் குதித்தேன். வந்தவர்கள் மழையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வாசலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கொண்டுவந்த பூவைப் படியில் வைத்தார்கள். அம்மை வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாதல்லவா, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்கள். அந்த மரியாதை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றாள். "அத்தைகிட்ட எதுவும் ஒளறாத" என்றாள். நான் உளறவில்லை.

ஆடி பிறந்தது. பிம்ப்ரிக்காரர்கள் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார்கள். குட்டியின் கொப்புளம் காய்ந்தது, ஒருநாள் தானாக எழுந்து பலகைமேல் மோவாயை வைத்து எங்களைப் பார்த்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடிவந்து "காய் ஜாலா?" என்று கேட்டாள்.

நம் வழக்கப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை வெயிலில் வைத்துத்தான் சூடாக்குவார்கள். வெயிலே இல்லாத அந்த மழையில் அம்மா தண்ணீர் அண்டாவை ஸ்டவ்வில் ஏற்றி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டாள். குட்டிக்கு மூன்று சொம்பு ஊற்றினாள். அது உடம்பை உதறி எங்கள் எல்லோரையும் மஞ்சளாக்கியது. பிறகு, "நீயும் உக்காரு" என்றாள் அத்தையிடம்.

"நான் எதுக்கு அண்ணி?"

"கூடவே கெடந்தவ நீதானே. உக்காருன்றேன்."

அத்தை கட்டியிருந்த சேலையோடு மோரியில் உட்கார்ந்தாள். அம்மா அவள் தலையில் கையை வைத்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, மெதுவாக மூன்று சொம்பு ஊற்றினாள். "போதும். இனிமே பயமில்ல. ஸ்கூலுக்குப் போ" என்றாள். அன்றைக்கு மத்தியானம் கடுகு வெடித்தது. அப்பா மூன்று தரம் ரசம் வாங்கிக் குடித்தார்.

குட்டிக்குப் பின்னங்கால் ஒன்று மட்டும் சரியாகவில்லை. தூங்கும்போதும் அது துடித்துக்கொண்டே இருக்கும். அப்பா பலகையைக் கழற்றி அதற்கே படுக்கையாகப் போட்டார். அந்தப் பலகையில் கால் தட்டுகிற சத்தம் பல வருஷம் எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தைக்குப் பிறகு கல்யாணம் நடந்தது, வேலையை விடச் சொல்லாத மாப்பிள்ளையாகவே வந்தார். ஓய்வு பெறும்வரை அவள் தையல் டீச்சர். அம்மா மட்டும் சாகிறவரை சொல்லிக்காட்டினாள். சொந்த வீடு, ஒரே பையன், ஒரு நாயால நல்ல வரன் போச்சு என்பாள், அதுவும் அப்பா இருக்கும்போது குரலை உயர்த்தியே சொல்வாள். அத்தை தலையைக் குனிந்துகொள்வாள்.

வாசலில் அம்மா சொன்ன அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்கு விளங்கியபோது நானே ஒரு பெண்ணுக்குத் தாயாகியிருந்தேன். நாய்க்கு அம்மை என்று நம்புகிறவள் நாய்க்கு என்றே சொல்லியிருப்பாள். அத்தை என்றால் அவள் பெயர் கெடும், நாய் என்றால் சிரிப்பார்கள். அதனால்தான் குழந்தை என்று என்னைச் சொல்லி, அவர்கள் கண்ணில் படாமல் என்னை உள்ளே தள்ளினாள். உளறாதே என்று சொன்ன அம்மா இருக்கும்வரை நான் அதைத் திறக்கவில்லை. அம்மா போன பிறகு அதற்கு ஒரு வேளை வாய்க்கவில்லை.

வாகடில், மகள் வீட்டில், ஒரு மத்தியானம் வாய்த்தது. வெளியே மழை. அத்தை தரையில் உட்கார்ந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் குட்டிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை, கை மட்டும் அதே கை.

"அண்ணிய ஏமாத்திட்டேன்டி" என்றாள் திடீரென்று. "சாமி பேரச் சொல்லி. அவ வெள்ள மனசு, நம்பிட்டா. தாளிக்காம சாப்ட்டு, விரதம் இருந்து… எத்தினியோ தரம் சொல்லிடலாம்னு பாப்பேன். வாய் வராது."

அப்போது சொன்னேன். பையனின் அம்மாவும் அக்காவும் வந்தது, யாருக்கு என்று கேட்டது, அம்மா என்னைப் பின்னால் தள்ளியது எல்லாம்.

"நாய்க்குன்னு சொல்லல அத்தை. கொழந்தைக்குன்னாங்க."

சிரிஞ்ச் அப்படியே நின்றது. "அவங்க வந்தாங்களா? வாசல் வரைக்கும்?"

"ம்."

"அப்ப அண்ணிக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி என்னை அந்தத் திட்டு திட்டினா?"

"அப்பா காதுல உழணும்னுதான். இல்லன்னா நீங்க வேணும்னே பண்ணீங்கன்னு அவருக்குச் சந்தேகம் வந்திருக்குமே."

 குட்டி அவள் விரலை நக்கியது. அவள் கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்தாள், அங்கே இன்னும் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"அப்ப அன்னிக்கி ஊத்தின தண்ணி… அது எனக்கு ஊத்தினதாடி?"

நான் தலையாட்டினேன். அத்தை அழுதாள். இந்த வயதில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிஞ்சில் மறுபடி தண்ணீர் எடுத்தாள்.

"வாசல்ல வேப்பில வாடிப் போச்சி பாரு. வேற பறிச்சிகினு வா" என்றாள்.

குடையை எடுத்துக்கொண்டு கீழே போய், கொஞ்சம் கூடுதலாகவே பறித்துக்கொண்டு வந்தேன்.